காம்பஸ் ஊசி தலைகீழாகத் திரும்பிவிட்டதா? மலையேறும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் அக்காவின் டிப்ஸ்

வெயில் தணிந்து நவம்பர் பிறந்துவிட்டால் போதும், ஷார்ஜா, கராமா, அல் நஹ்தா, முஸஃபா என எல்லாப் பக்கமிருந்தும் நம் பிள்ளைகள் சனி, ஞாயிறில் மலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். ஹத்தா, வாடி ஷவ்கா, ஜெபல் ஜெய்ஸ் என்று ஆரம்பித்து, கால் பழகியதும் ஓமன் பக்கம் ஜெபல் ஷம்ஸ் வரை போகிறார்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. தண்ணீர், பேரீச்சம்பழம், தொப்பி, பவர் பேங்க் எல்லாம் கவனமாக எடுத்து வைக்கிறீர்கள். பலரின் பையில் ஒரு காம்பஸும் இருக்கிறது. அதைச் சோதித்துப் பார்த்து எடுத்து வைக்கிறவர்கள்தான் குறைவு.

காம்பஸ் கெட்டுப்போகும் விதங்களில் மிக ஆபத்தானது ஊசி தலைகீழாக மாறுவது. வடக்கைக் காட்ட வேண்டிய சிவப்பு முனை தெற்கைக் காட்டும். கண்ணாடி உடையாது, ஊசி சிக்காது, வழக்கம்போல ஆடி அமைதியாக நிற்கும். பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது என்பதால் நம்பி நடந்துவிடுவோம். கார் நிறுத்திய இடத்துக்குத் திரும்புகிறோம் என்று நினைத்து அதற்கு நேர் எதிரே மலைக்குள் போய்க்கொண்டிருப்போம். ஹஜர் மலையில் பல இடங்களில் மொபைல் சிக்னல் கிடைக்காது. அமீரகமும் ஓமனும் அங்கே பின்னிக் கிடப்பதால் எல்லை தாண்டிப் போய்விடும் வாய்ப்பும் உண்டு. கையில் இருக்கும் தண்ணீர் கணக்கு தப்பினால் குளிர்காலத்திலும் உடம்பு தாங்காது. அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

ஊசி ஏன் திரும்புகிறது?

காம்பஸ் ஊசி என்பது மெல்லிய, சின்ன காந்தம். அதைவிடப் பலமடங்கு வலுவான காந்தம் ஒட்டினாற்போல வந்தால், ஊசியின் பழைய காந்தத்தன்மையை அழித்துப் புதிதாக எழுதிவிடும். சில நேரம் முழுசாகத் தலைகீழாகும். சில நேரம் பாதி அழிந்து, ஊசி சோம்பலாக ஆடி, தினம் ஒரு பக்கம் நிற்கும். பூமியின் காந்தம் மிக மென்மையானது; நாம் பைக்குள் கொண்டு போகும் காந்தங்கள் அதைவிடப் பல நூறு மடங்கு வலுவானவை. காந்தத்தை எடுத்த பிறகும் மாற்றம் அப்படியே இருக்கும். தானாகச் சரியாகாது.

பைக்குள் இருக்கும் எதிரிகள்

இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு உங்கள் பையைத் திறந்து பாருங்கள்:

• மொபைல் ஃபோன். அதன் ஸ்பீக்கருக்குள் காந்தம் உண்டு. பின்பக்கம் ஒட்டிக்கொள்ளும் பவர் பேங்கும் காந்தம் வைத்த கவரும் இருந்தால் இன்னும் மோசம்.

• இயர்பட்ஸ் டப்பா. மூடி 'டக்' என்று மூடுவதே காந்தத்தால்தான்.

• காரில் ஃபோன் ஒட்டி வைக்கும் காந்த ஸ்டாண்ட். காம்பஸை அதன் பக்கத்தில் போட்டு வைப்பது பலருக்கும் வழக்கம்.

• ஹிஜாப் மேக்னட். ஊசி குத்தாமல் ஷால் நிற்பதற்காக நாம் விரும்பி வாங்கும் அந்தக் குட்டிப் பொத்தான்கள் அளவில் சிறியவை, பலத்தில் பெரியவை. காம்பஸ் இருக்கும் அதே சின்ன பவுச்சில் இவற்றைப் போடவே கூடாது.

• கைப்பையின் காந்தப் பட்டன், டேப்லெட் கவர், வாக்கி டாக்கி, புளூடூத் ஸ்பீக்கர்.

• முதுகுப் பையின் தண்ணீர்க் குழாயை நெஞ்சுப் பட்டியில் ஒட்டி வைக்கும் காந்த கிளிப். காம்பஸைக் கழுத்தில் தொங்கவிட்டால் அது சரியாக இந்த கிளிப்பின் மேல் வந்து உரசும்.

• இன்னொரு காம்பஸ். இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாக மாதக்கணக்கில் அடுக்கி வைக்காதீர்கள்.

தொழுகை விரிப்பில் தைத்து வரும், கிப்லாவை (தொழும்போது நோக்கும் கஅபாவின் திசையை) காட்டும் சின்ன காம்பஸுக்கும், உம்ரா பயணத்துக்கு எடுத்துப் போகும் கிப்லா காம்பஸுக்கும் இதே கதிதான். அதற்குள்ளும் அதே ஊசிதான் இருக்கிறது. இனி சொல்லும் சோதனைகள் அதற்கும் பொருந்தும்.

வளைகுடாவில் எளிதாகச் செய்யக்கூடிய ஐந்து சோதனைகள்

வீட்டுக்குள் சோதிக்காதீர்கள். கான்கிரீட்டுக்குள் இரும்புக் கம்பி, பக்கத்தில் லிஃப்ட், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஊசியை இழுக்கும். பார்க், கடற்கரை மாதிரி திறந்த இடத்துக்குப் போய், காம்பஸை உள்ளங்கையில் மட்டமாகப் பிடித்துப் பாருங்கள்.

1. காலைச் சூரியன். சிவப்பு முனை காட்டும் திசையைப் பார்த்து நின்றால் காலைச் சூரியன் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடக்கைப் பக்கம் இருந்தால் ஊசி திரும்பிவிட்டது. சூரியன் ஆண்டு முழுவதும் நேர் கிழக்கில் உதிப்பதில்லை. துபாயில் டிசம்பரில் சுமார் 26 டிகிரி தெற்கே தள்ளியும் ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளியும் உதிக்கும். நாம் தேடுவது நேர் எதிர்த் திசை என்ற பெரிய தவறு என்பதால் இந்த வித்தியாசம் தொந்தரவு தராது.

2. லுஹர் பாங்கு நேரத்து நிழல். சூரியன் உச்சி தாண்டியதும் லுஹர் நேரம் தொடங்குகிறது. துபாயில் அது ஆண்டு முழுவதும் 12 மணிக்கும் 12:35-க்கும் இடையில் வரும். அந்த நேரத்தில் ஒரு குச்சியை நேராக நட்டால் நிழல் வடக்கு நோக்கி விழும். துபாய், அபுதாபி, தோஹா, மனாமா, குவைத் எல்லாமே கடக ரேகைக்கு வடக்கே இருப்பதால் இது எந்த மாதத்திலும் மாறாது. ஜூனில் மட்டும் நிழல் மிகச் சின்னதாக இருக்கும், அப்போது அடுத்த சோதனைக்குப் போய்விடுங்கள். நம் ஊரில் சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வந்து, இடைப்பட்ட மாதங்களில் வடக்கே போய்விடும். அதனால் ஊரில் பழகிய நிழல் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். சலாலாவில் இருக்கும் தங்கைகள் கவனிக்கவும்: உங்கள் ஊர் 17 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், மே இரண்டாம் வாரம் முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை உச்சிவேளை நிழல் தெற்கே விழும்.

3. கிப்லா. வளைகுடாவில் இதைவிட வசதியான சோதனை கிடையாது. துபாயில் கிப்லா சுமார் 258 டிகிரி, அதாவது மேற்கிலிருந்து சற்றே தெற்கே. அபுதாபியில் சுமார் 260, மஸ்கட்டில் சுமார் 266, தோஹாவில் சுமார் 253, பஹ்ரைனில் சுமார் 246, குவைத்தில் சுமார் 225. பள்ளிவாசலின் மிஹ்ராப் சுவர் அந்தத் திசையில்தான் இருக்கும். ஹோட்டல் அறைகளில் கூரையிலோ மேஜை டிராயரிலோ அம்புக்குறி ஒட்டியிருக்கும். பள்ளிவாசலுக்கு வெளியே, வண்டிகளிலிருந்து விலகி நின்று பாருங்கள். துபாயில் கிப்லா பக்கம் பார்க்கும்போது காம்பஸ் 258 காட்டாமல் 78 காட்டினால் சந்தேகமே வேண்டாம், ஊசி தலைகீழ்தான். ஆண்டுக்கு இரண்டு முறை, மே 28-ஐ ஒட்டியும் ஜூலை 16-ஐ ஒட்டியும், சூரியன் கஅபாவுக்கு நேர் மேலே வருகிறது. அமீரக நேரப்படி மே மாதத்தில் பகல் 1:18, ஜூலையில் 1:27. அந்த நிமிடம் சூரியன் இருக்கும் பக்கமே கிப்லா. வானமே காட்டும் விடை அது.

4. துருவ நட்சத்திரம். இரவு முகாமிடுகிறவர்களுக்கு இது பெரிய துணை. சென்னையில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் உயரம் என்பதால் கட்டிடங்களுக்குப் பின்னால் மறைந்துபோகும். துபாயில் 25 டிகிரி உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 டிகிரி. இரண்டரை முஷ்டி உயரத்தில் தேடுங்கள். இன்றைய ராஸ் அல் கைமாவான அன்றைய ஜுல்ஃபாரில் பிறந்தவர் அஹ்மத் இப்னு மாஜித் என்ற 15-ம் நூற்றாண்டு மாலுமி. அவர் காலத்து அரபு மாலுமிகள் திசைகளை 32 ஆகப் பிரித்து, விண்மீன்கள் உதிக்கும், மறையும் இடங்களை வைத்துப் பெயரிட்டார்கள். வடக்குக்கு அவர்கள் வைத்த பெயர் அல் ஜாஹ், அதாவது துருவ நட்சத்திரம். கையில் ஊசி இருந்தும் வானத்தைப் பார்த்த மனிதர்கள் அவர்கள்.

5. தெரிந்த சாலை, தெரிந்த கடல். உங்கள் வீட்டுப் பக்கம் நேராகப் போகும் ஒரு சாலையைத் தேர்ந்தெடுத்து, மொபைல் மேப்பில் அது எந்தத் திசையில் போகிறது என்று குறித்து வையுங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முந்தின மாலையும் அதே இடத்தில் நின்று சோதிக்கலாம். ஃபுஜைரா, கோர்ஃபக்கானில் கடல் கிழக்கே. துபாய், ஷார்ஜாவில் கடல் வடமேற்கே.

ஊசியில் கோளாறா, நிற்கும் இடத்தில் கோளாறா?

ஊசி தவறாகக் காட்டினால் உடனே திரும்பிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கார், மின்கம்பி, இரும்பு வேலி பக்கத்தில் இருந்தாலும் ஊசி விலகும். காரிலிருந்து 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். உயர் அழுத்த மின்கம்பியிலிருந்து 55 மீட்டர் விலகுங்கள். ஃபோனும் காம்பஸும் ஒரே கையில் வேண்டாம்.

ஹஜர் மலையில் இன்னொரு காரணமும் உண்டு. ஷவ்கா, ஹத்தா பக்கம் கறுத்த, துருப்பழுப்பு நிறப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்த பூமியின் மேலோடும் அதற்குக் கீழே இருந்த பாறையும் மேலே தள்ளப்பட்டு உருவான மலை அது. செமைல் ஓஃபியோலைட் என்று புவியியலில் சொல்வார்கள். ஓமனிலிருந்து அமீரகம் வரை சுமார் 500 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கிறது. அந்தப் பாறை நீரோடு வினைபுரிந்து மாறும்போது உள்ளே மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் உண்டாகிறது. அதனால் அந்தப் பக்கம் காம்பஸைப் பாறை மேல் வைத்துப் படிக்காமல், நின்றுகொண்டு நெஞ்சு உயரத்தில் பிடித்துப் படியுங்கள். ஜெபல் ஜெய்ஸ் சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. அங்கே இந்தத் தொல்லை இல்லை.

பிரித்தறிய ஒரே வழி நடப்பதுதான். தூரத்து மலை உச்சி ஒன்றின் திசையைக் காம்பஸில் பார்த்துவிட்டு, 20, 30 மீட்டர் தள்ளிப் போய் அதையே மறுபடி பாருங்கள். டிகிரி அளவு மாறினால் கோளாறு அந்த இடத்தில். எங்கே போனாலும் நேர் எதிராகவே காட்டினால் கோளாறு ஊசியில்.

மலையில் நிற்கும்போது தெரியவந்தால்

• முதலில் நில்லுங்கள். நிழல் பார்த்து உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் சேருங்கள்.

• சூரியனை வைத்து திசையை உறுதி செய்யுங்கள். குச்சி நட்டு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இரண்டாவது கல் வையுங்கள். முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேராக வைக்கும் முறையை இங்கே நம்ப வேண்டாம். சூரியன் தலைக்கு மேலே ஏறும் நாடுகளில் அதில் பிழை அதிகம்.

• ஊசி முழுவதும் தலைகீழாக இருந்து, சுறுசுறுப்பாக ஆடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால், சிவப்புக்கு எதிரே உள்ள வெள்ளை முனையை வடக்கு என்று கொண்டு திரும்பி வரலாம். ஒரு சின்ன பிளாஸ்டர் துண்டில் 'வெள்ளை = வடக்கு' என்று எழுதி காம்பஸ் மேலேயே ஒட்டுங்கள். களைப்பில் மனசு பழைய பழக்கத்துக்குப் போய்விடும், எழுத்து போகாது.

• ஊசி சோம்பலாக நகர்ந்தாலோ, ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றாலோ பைக்குள் போட்டுவிடுங்கள். பாதி அழிந்த காந்தத்தை நம்பி ஒரு அடியும் வேண்டாம்.

• ஏறிப் போகும் இலக்கை அன்றைக்கு விட்டுவிடுங்கள். வந்த தடம் தெரிந்தால் அதே வழியில் திரும்புங்கள். தெரியாவிட்டால் நிழலில் இருந்தபடி உதவிக்கு அழையுங்கள். அமீரகத்தில் தேசிய தேடல் மீட்பு மையத்தின் எண் 995, போலீஸ் 999, ஆம்புலன்ஸ் 998. ஓமனில் 9999.

வீட்டில் சரிசெய்யும் முறை

சாதாரண பிளாஸ்டிக் தட்டுக் காம்பஸ் என்றால் நாமே முயன்று பார்க்கலாம். விலை உயர்ந்தது என்றால் வாங்கிய கடையில் முதலில் கேளுங்கள்.

வலுவான காந்தம் ஒன்று தேவை. ஃப்ரிட்ஜில் ஒட்டும் ரப்பர் விளம்பரக் காந்தம் உதவாது, அதில் வட, தென் துருவங்கள் கோடு கோடாக மாறி மாறி இருக்கும்.

முதல் படி, காந்தத்தின் எந்தப் பக்கம் வேண்டும் என்று கண்டுபிடிப்பது. காந்தத்தைத் தூரத்திலிருந்து மெதுவாகக் கொண்டு வாருங்கள். தலைகீழாக மாறிய ஊசியின் வெள்ளை முனையை எந்தப் பக்கம் இழுக்கிறதோ, அதுவே நமக்குத் தேவையான பக்கம். அதில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள்.

இரண்டாவது படி, ஊசி சுழலாமல் பார்த்துக்கொள்வது. காம்பஸைச் செங்குத்தாகச் சாய்த்தால் ஊசி உள்ளே உரசி நின்றுவிடும். அப்படியே அசையாமல் பிடிக்க ஒருவர் கூட இருந்தால் நல்லது.

மூன்றாவது படி, தேய்ப்பது. புள்ளி வைத்த பக்கத்தை ஊசியின் நடுப்பகுதிக்கு நேரே, பிளாஸ்டிக்கைத் தொடும்படி வையுங்கள். அங்கிருந்து சிவப்பு முனை வரை மெதுவாக இழுத்து, முனையைத் தாண்டியதும் காந்தத்தை உயரத் தூக்கிவிடுங்கள். வளைத்துக் கொண்டுவந்து மறுபடி நடுவிலிருந்தே தொடங்குங்கள். இப்படிச் சில தடவை. வந்த வழியே திரும்பத் தேய்க்கவே கூடாது, செய்த வேலை வீணாகும்.

கடைசியில் காந்தத்தை வேறு அறைக்கு அனுப்பிவிட்டு, வெளியே போய் மேலே சொன்ன சோதனைகளில் இரண்டையாவது செய்யுங்கள். மறுநாள் இன்னொரு முறை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. சரியாகக் காட்டினாலும் அதை இரண்டாவது காம்பஸாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. சோம்பல் போகவில்லை என்றால் குழந்தைகள் விளையாடக்கூடக் கொடுக்காமல் தூக்கிப் போடுங்கள். நாளை யாராவது அதை நம்பிப் பையில் வைத்துவிடுவார்கள்.

வாங்கும்போதும் வைக்கும்போதும்

கடையில் ஒரே மாதிரி காம்பஸ் நாலைந்து எடுத்து, ஒன்றுக்கொன்று ஒரு முழம் இடைவெளி விட்டு வையுங்கள். எல்லாம் ஒரே பக்கம் காட்ட, ஒன்று மட்டும் மாறிக் காட்டினால் அதைத் தவிருங்கள். பில் போடும் கவுன்டரில் துணிகளின் திருட்டுத் தடுப்பு டேகைக் கழற்ற மிக வலுவான காந்தம் வைத்திருப்பார்கள். காம்பஸை அதன் மேல் வைக்க விடாமல் கையில் கொடுத்து வாங்குங்கள், வெளியே வந்ததும் ஒரு முறை பாருங்கள். ஊசியே காந்தமாக இல்லாமல், அதனடியில் தனியாக வலுவான சிறு காந்தம் பொருத்திய வகைகளும் விற்கின்றன. அவை எளிதில் திரும்புவதில்லை, விலைதான் கூடுதல்.

வீட்டில் டிவி, ஸ்பீக்கர், ரூட்டர் இல்லாத அலமாரியில் தனியாக வையுங்கள். கோடையில் காருக்குள் விடாதீர்கள்; உள்ளே இருக்கும் திரவம் விரிந்து குமிழி விழும். பையில் காம்பஸுக்கு ஒரு பக்கம், ஃபோனுக்கு எதிர்ப்பக்கம் என்று இடம் ஒதுக்கிவிடுங்கள்.

ஃபோனிலேயே காம்பஸ் இருக்கிறதே என்று கேட்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. அதற்குள் இருப்பதும் காந்தத்தை உணரும் சில்லுதான். காந்தக் கவர் மாட்டியிருந்தால் அதுவும் தவறும். கவரைக் கழற்றி, எட்டு வடிவத்தில் ஆட்டிச் சரிசெய்து, சூரியனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போகும் பாதையின் மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ரூமில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

தங்கைகளே, தம்பிகளே, ஊரில் உங்களுக்காகக் காத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலை பை கட்டும்போது காம்பஸை வெளியே எடுத்துப் போய் ஒரு முறை சோதியுங்கள். சனிக்கிழமை காலை காரை விட்டு இறங்கி, பத்து மீட்டர் தள்ளி நின்று, சூரியனைப் பார்த்து இன்னொரு முறை சோதியுங்கள். 995 என்ற எண்ணை இப்போதே ஃபோனில் பதிந்து கொள்ளுங்கள். உங்களோடு மலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.